கருதுகோளும் கூலிக் கணக்கும்

2009 மார்ச் மாதம், லண்டன் பிர்க்பெக் கல்லூரியின் ஏற்பாட்டில் மூன்று நாள் கருத்தரங்கு ஒன்று நடந்தது. தலைப்பு ‘கம்யூனிசம் என்ற கருத்து’. அலென் பதியூ, ஸ்லாவோய் ழிழெக், அந்தோனியோ நெக்ரி, ழாக் ரான்சியேர், மைக்கேல் ஹார்ட், டெரி ஈகிள்டன் என ஐரோப்பிய இடதுசாரிச் சிந்தனையின் பெரிய பெயர்களில் பலர் ஒரே மேடையில் இருந்தார்கள். எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் பல மடங்கு அதிகம். அமெரிக்க வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. ஜெர்மனியில் மார்க்ஸின் ‘மூலதனம்’ மறுபடி விற்கத் தொடங்கியிருந்தது. இருபது வருடமாகச் சொல்லக் கூசிய ஒரு சொல்லைப் பேராசிரியர்கள் உரக்கச் சொன்னார்கள்.

அதற்கு அடுத்த மாதம் காரைக்காலின் தென்கோடியில், வாஞ்சூரில், தனியார் துறைமுகம் ஒன்று சரக்கு இறக்கத் தொடங்கியது. முக்கியச் சரக்கு நிலக்கரி. 2023இல் அதை அதானி குழுமம் வாங்கியது.

வடகோடியில் இருக்கிறது திருவேட்டக்குடி. நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, பொறையாறு, தரங்கம்பாடி. சம்பந்தர் பாடிய தலம். மாசி மகத்தன்று சுவாமி வேட்டுவக் கோலத்தில் கடலாட வருவார். மேற்கே வயல், கிழக்கே மீனவர் குப்பங்கள், நடுவில் 2010இல் நிறுவப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம். இவ்வளவு சிறிய இடத்திலிருந்துகொண்டு ஐரோப்பிய இடதுசாரிகளைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 1739 முதல் 1954 வரை, இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றிய காலங்கள் நீங்கலாக, இந்தக் கரை பிரான்சின் கையில் இருந்தது. பாரிசில் இடதுசாரிகள் ஜெயித்ததும் தோற்றதும் இங்கே சட்டமாகவும் வாக்குச்சீட்டாகவும், ஒருமுறை துப்பாக்கிக் குண்டாகவும் வந்து சேர்ந்தன. ஐரோப்பாவில் கம்யூனிசச் சிந்தனை மறுபிறவி எடுக்கிறது என்ற பேச்சை எடைபோட, நூலகத்தைக் காட்டிலும் இந்த இடம் தோதானது என்பது என் எண்ணம்.

பதியூவின் வாதம் சுருக்கமாக இதுதான். கம்யூனிசம் என்பது ஒரு கட்சியோ அரசோ அல்ல, ஒரு கருதுகோள். வர்க்கமாகப் பிரிந்து கிடப்பது மனித குலத்தின் தலையெழுத்தில்லை என்பதே அந்தக் கருதுகோள். கணிதத்தில் ஒரு நிரூபணம் தோற்றால் தேற்றத்தைத் தூக்கி எறிவதில்லை. வேறு நிரூபணம் தேடுகிறோம். 1792இல் தொடங்கி 1871 பாரிஸ் கம்யூனோடு முடிந்தது முதல் கட்டம். 1917 முதல் 1976 வரை இரண்டாவது. இப்போது நாம் நிற்பது மூன்றாவதன் வாசலில்.

அழகான கணக்கு. ஆனால் 1871க்கும் 1917க்கும் நடுவே உள்ள நாற்பத்தாறு வருடங்களை அவர் எதிரி ஜெயித்த இடைவேளையாகத் தள்ளிவிடுகிறார். பிரான்சின் மூன்றாம் குடியரசு இங்கே நகராட்சிகளைத் தந்தது அந்த இடைவேளையில்தான். 1880ஆம் ஆண்டு ஆணைப்படி காரைக்காலிலும் வாக்குப்பெட்டி வைத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் நினைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு ஆண்களின் வாக்குரிமை. அதே அளவுக்குக் கள்ள ஓட்டும் அடிதடியும். அதற்குச் சில பத்தாண்டு முன்பே, 1850களில், காரைக்கால் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்பு வெட்டக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அடிமை முறையை 1848இல் ஒழித்த பிரான்ஸ், அடிமைகளின் இடத்தில் வைத்தது தமிழர்களை. அவர்கள் வழிவந்த எர்னஸ்ட் முத்துசாமி 1981இல் குவாதலூப் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆளாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனார். பதியூவின் கட்டங்களில் இந்தப் பயணத்துக்கு இடமில்லை.

இடம் இருந்திருக்க வேண்டிய இன்னொரு வருடம் 1936.

அந்த வருடம் மே மாதம் பிரான்சில் மக்கள் முன்னணி வென்றது. சோஷலிஸ்டுகளும் ராடிகல்களும் சேர்ந்து அரசு அமைத்தார்கள். 72 இடங்கள் பெற்ற கம்யூனிஸ்டுகள் வெளியிலிருந்து ஆதரித்தார்கள். லெயோன் புளூம் பிரதமர். நாடெங்கும் தொழிலாளிகள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து மறியல் செய்ய, ஜூன் 7ஆம் தேதி மாத்தீன்யோன் ஒப்பந்தம் கையெழுத்தானது. கூலி உயர்வு, சங்க உரிமை, அதையொட்டி வாரம் 40 மணி நேர வேலை, இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. பிரெஞ்சு இடதுசாரிகள் இன்றும் நெஞ்சில் வைத்துக் கொண்டாடும் கோடைக்காலம் அது.

புதுச்சேரியில் அதே கோடையில் சவானா, ரோடியர், கப்ளே ஆகிய மூன்று பஞ்சாலைகளிலும் கொந்தளிப்பு. சிறுவர்களையும் சேர்த்து வேலை வாங்கிய மில்கள் அவை. நீண்ட வேலை நேரம், சொற்பக் கூலி. சங்கம் வைத்துக்கொள்ளச் சட்டமில்லை. பிரான்சின் தொழிலாளர் சட்டம் கடலைத் தாண்டி வரவில்லை. வ. சுப்பையா என்ற இளைஞர், அப்போது இருபத்தைந்து வயது, 1934 முதல் ‘சுதந்திரம்’ இதழை நடத்திக்கொண்டே தொழிலாளிகளைத் திரட்டியிருந்தார். ஜூலை 30ஆம் தேதி போலீஸ் சுட்டது. பன்னிரண்டு தொழிலாளிகள் செத்தார்கள்.

மாத்தீன்யோன் ஒப்பந்தம் கையெழுத்தாகி எட்டு வாரம்கூட ஆகவில்லை. சுட்டது ஏதோ பிற்போக்கு ஆட்சியின் போலீஸ் இல்லை; பாரிசில் தொழிலாளி கேட்டதைத் தந்த அதே அரசின் போலீஸ். ஐரோப்பிய இடதுசாரி வரலாற்று நூல்கள் பலவற்றில் 1936க்கு ஒரு நீண்ட அத்தியாயம் இருக்கும். அதில் இந்தப் பன்னிரண்டு பேரைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த அரசு ஒரேயடியாகக் காதை மூடிக்கொள்ளவில்லை. அக்டோபரில் நேரு புதுச்சேரி வந்தார். அவர் யோசனையைக் கேட்டுக்கொண்டு சுப்பையா பாரிசுக்குக் கப்பலேறினார். பிரெஞ்சு அரசு ஜஸ்டின் கோதாரை இங்கே அனுப்பி நிலைமையை ஆராயச் சொன்னது. 1937 ஏப்ரல் 6ஆம் தேதி பிரெஞ்சிந்தியத் தொழிலாளர் சட்டம் வந்தது. சங்கம் வைக்கும் உரிமை, வேலை நேரத்துக்கு வரம்பு, எட்டு மணி நேர வேலைநாள், பெண்களுக்குப் பேறுகால விடுப்பு. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் வாங்கியவர்கள் நாங்கள்தான் என்று புதுச்சேரிச் சங்கக்காரர்கள் பெருமையாகச் சொல்வது வழக்கம். ஜூலை 30 இன்றும் அங்கே தியாகிகள் நாள்.

ஐரோப்பாவிலிருந்து கம்யூனிசம் இந்தக் கரைக்கு வந்த விதம் இது. முதலில் அது சரக்காகத்தான் வந்தது: 1920களில் எம்.என். ராய் பெர்லினிலிருந்து அனுப்பிய பத்திரிகைகள் உள்ளே நுழைந்த வழிகளில் புதுச்சேரியும் ஒன்று. 1924 கான்பூர்ச் சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஆர்.சி.எல். சர்மா பிரெஞ்சு மண்ணில் இருந்ததால் பிரிட்டிஷ் போலீஸ் அவரைத் தொட முடியவில்லை. அதே வழக்கில் சேர்க்கப்பட்ட சென்னை சிங்காரவேலர், மீனவர் குடும்பத்தில் பிறந்தவர், 1923இலேயே மே தினம் கொண்டாடியிருந்தார். 1931இல் பெரியாரின் ‘குடிஅரசு’ கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிட்டது. இவையெல்லாம் படித்தவர் வட்டத்தில். மில் தொழிலாளியின் நாளைச் சுருக்கியது, ஒரு வேலைநிறுத்தமும் பன்னிரண்டு பிணங்களும் ஓர் ஆணையும்.

1947இல் சுப்பையா பிரெஞ்சு மேலவையின் உறுப்பினரானார். 1950 ஜனவரியில் எதிரிகள் அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். 1954 இணைப்புக்கான போராட்டத்தில் முன்னின்றார், 1969இல் அமைந்த கூட்டணி அரசில் அமைச்சரானார், 1993இல் காலமானார். மூன்று மில்களில் எதுவும் இன்று ஓடவில்லை. பழைய ரோடியர் மில்லான ஏ.எஃப்.டி. 2020இல் மூடப்பட்டது. எட்டு மணி நேரம் வாங்கிய இடத்தில் இப்போது வேலையே இல்லை.

புதுச்சேரிக் கதையைக் காரைக்காலுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதுதான் அடுத்த சிக்கல். இங்கே அத்தகைய பெரிய பஞ்சாலைகள் இல்லை. இருந்தது நிலமும் கடலும். 1937 சட்டம் ஆலைத் தொழிலாளிக்கானது. மிராசுதார் வயலில் நாற்று நட்ட பண்ணையாளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. பிரெஞ்சு இடதுசாரிக்குத் தொழிலாளி என்றால் சைரன் சத்தத்துக்கு உள்ளே போய் வெளியே வருகிற ஆள். சேரியிலிருந்து விடியுமுன் வயலுக்கு விரட்டப்பட்டவனை அவன் கணக்கில் எடுக்கவில்லை.

அவனைக் கணக்கில் எடுத்தது பிரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம். 1943இல் மன்னார்குடி பக்கம் தென்பரையில் விவசாயிகள் சங்கம் கொடி ஏற்றியது. தலைமை பி. சீனிவாச ராவ், பிறப்பால் கன்னடக்காரர், தஞ்சை வயல் வரப்பில் தமிழ் பழகியவர். அடுத்த வருடம் மன்னார்குடி ஒப்பந்தம். அதில் மிராசுதார்கள் எதைக் கைவிடச் சம்மதித்தார்கள் என்று பார்த்தால் போதும், இந்தப் படுகையில் கம்யூனிசம் என்றால் என்ன பொருள் என்று புரியும்: சவுக்கடி கொடுப்பதையும், தண்டனையாகச் சாணிப்பால் குடிக்கவைப்பதையும். கூலி மரக்கால் கணக்கு அதற்குப் பிறகுதான். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது, ராஜாஜி ஆட்சியில். கம்யூனிஸ்டுகள் வளர்ந்துவிடுவார்களே என்ற பயமும் சேர்ந்து எழுதிய சட்டம் என்றால் மிகையில்லை. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியில் நெல் கூடக் கேட்டதற்கு, செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்றதற்கு, ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து கருகினார்கள். காரைக்காலிலிருந்து நாகூர், நாகப்பட்டினம் தாண்டி கீழ்வேளூர் பக்கம் போனால் அந்த ஊர்.

புளூம் பிரதமரான அதே 1936இல்தான் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ அச்சேறியது. இந்திய சோஷலிஸ்டுகளைப் பார்த்து அவர் கேட்டதன் சாரம்: உழைப்பவர்களே ஒருவருக்கு ஒருவர் மேல்கீழ் என்று நிற்கும் நாட்டில் அவர்களை எந்தப் புரட்சிக்கு ஒன்றுசேர்ப்பீர்கள்? தஞ்சைக் கம்யூனிஸ்டுகள் இந்தக் கேள்விக்கு ஏட்டில் பதில் எழுதவில்லை, நடைமுறையில் பாதி பதில் சொன்னார்கள். மீதிப் பாதி இன்னும் பாக்கி. 2010 ஜனவரியில் ழிழெக் இந்தியா வந்தபோது அவரை அழைத்து வந்ததும் அவர் நூலை இங்கே பதிப்பித்ததும் நவயானா என்ற சாதி எதிர்ப்புப் பதிப்பகம். பொருத்தமான ஏற்பாடுதான், ஆனால் அந்தச் சந்திப்பு லண்டன் விவாதத்தின் போக்கை எங்கேயாவது திருப்பியதா என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சுகிறது.

சரி, லண்டன் கருத்தரங்குக்குப் பிறகு ஐரோப்பாவில் என்னதான் நடந்தது? பெர்லினிலும் நியூயார்க்கிலும் சியோலிலும் அதே தலைப்பில் மேலும் கூட்டங்கள், தொகுப்பு நூல்கள். அரசியல் களத்தில் முதல் பெரிய சோதனை கிரீஸ். 2015 ஜனவரியில் சிரிசா வென்றது. ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன்காரர்களின் நிபந்தனைகளை நிராகரித்தார்கள். அடுத்த வாரமே அரசு அவற்றைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்குப் பணிந்தது. பிரான்சில் 1969 குடியரசுத் தலைவர் தேர்தலில் 21 சதவீதம் வாங்கிய கம்யூனிஸ்ட் கட்சிக்கு 2022இல் கிடைத்தது 2.28 சதவீதம். இன்னொரு இடதுசாரி வேட்பாளர் மெலான்ஷோன் 21.95 சதவீதம் வாங்கினார், ஆனால் கம்யூனிசத்தின் பெயரைச் சொல்லி வாங்கவில்லை. பதியூவோ 1968க்குப் பிறகு தாம் வாக்களித்ததே இல்லை என்பவர். கருதுகோளுக்கு வாக்குப்பெட்டி இழுக்கு என்று நினைக்கிறார் போலும்.

கருத்தரங்குக்காரர்கள் யாரும் எதிர்பாராத இடத்தில் வேறொன்று முளைத்தது. ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரம் கிராட்ஸ். 2021 செப்டம்பர் நகராட்சித் தேர்தலில் அங்கே கம்யூனிஸ்ட் கட்சி 28.8 சதவீதம் வாங்கி முதலிடம் பிடித்தது. நவம்பரில் எல்கே கார் மேயரானார். பனிப்போர் முடிந்தபோது அட்ரஸ் இல்லாமல் போயிருக்க வேண்டிய கட்சி அது. 1990களில் எர்ன்ஸ்ட் கால்தெனெக்கர் என்ற உறுப்பினர், வாடகைக்குக் குடியிருப்போருக்கு அவசர உதவித் தொலைபேசி ஒன்றைத் தொடங்கினார். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார், முன்பணம் திருப்பித் தரவில்லை, சுவரில் ஈரம் என்று யார் கூப்பிட்டாலும் போய்ப் பார்த்தார்கள். பதவிக்கு வந்த கட்சிக்காரர்கள் திறமைத் தொழிலாளி ஒருவரின் சராசரிச் சம்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை உதவி நிதியில் போடுகிறார்கள். வருடக் கடைசியில் ஒரு நாள் பத்திரிகையாளர் முன்னால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்கிறார்கள்: இவ்வளவு பேருக்கு மின்கட்டணம், இவ்வளவு பேருக்குத் துணி துவைக்கும் இயந்திரம்.

இதைத் தருமம் செய்வது என்று நக்கலடிக்கும் இடதுசாரிகள் உண்டு. முழுக்கத் தவறென்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நகரத்தில் வாக்களித்தவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் பெயரைக்கூட மாற்றிக்கொள்ளாத ஒரு கம்யூனிஸ்ட் கட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், அது ‘மூன்றாவது கட்டம்’ பற்றிய நூல்களால் நடந்ததில்லை. 2023இல் சால்ஸ்பர்க் மாகாணத்தில் அதே கட்சி 11.7 சதவீதம். பெல்ஜியத்தில் தொழிலாளர் கட்சி 1970களிலிருந்தே இலவச மருத்துவ மையங்கள் நடத்துகிறது. 2024இல் நாடாளுமன்றத்தில் 15 இடம். பெர்லினில் 2021 வாக்கெடுப்பில் சுமார் 59 சதவீதம் பேர் பெரிய வீட்டு நிறுவனங்களை நகரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். நகர அரசு இழுத்தடித்தது. 2025 பிப்ரவரியில், செத்துவிட்டது என்று எழுதப்பட்ட ஜெர்மன் இடதுசாரிக் கட்சி 8.8 சதவீதத்தோடு எழுந்தது. 18 முதல் 24 வயதுக்காரர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அதற்கு வாக்களித்தார். கதவைத் தட்டி வாடகையைப் பற்றிப் பேசினார்கள்.

1937இன் ஆணையும் கிராட்ஸின் தொலைபேசியும் ஒரே வகை. கூலி, வேலை நேரம், வாடகை என்று கையில் எண்ணிப் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்றின் வழியாகவே இந்தக் கருத்து மனிதர்களிடம் போய்ச் சேர்கிறது. மறுமலர்ச்சி என்று எதையாவது அழைக்க வேண்டுமானால் நான் அதைத்தான் அழைப்பேன். கருத்தரங்கைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. வெட்கத்தைப் போக்கிய அளவில் அது உதவியது. எல்லையும் இருக்கிறது: 2024 தேசியத் தேர்தலில் ஆஸ்திரியக் கம்யூனிஸ்டுகளுக்கு 2.4 சதவீதம்தான் கிடைத்தது. மாநகரத்தில் சாதித்ததை நாட்டுக்கு எடுத்துச் செல்லத் தெரியவில்லை.

தத்துவக்காரர்களில் நெக்ரியும் ஹார்ட்டும் இந்தக் கரைக்குக் கொஞ்சம் நெருங்கி வருகிறார்கள். அரசுடைமை, தனியுடைமை இரண்டும் வேண்டாம், பொதுமை வேண்டும் என்கிறார்கள்; நீர், காற்று, மொழி, அறிவு. திருவேட்டக்குடியை அடுத்த குப்பங்களில் இதைத் தத்துவமாகச் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குப் பட்டா கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்து எந்த வலை போடலாம், எப்போது தொழிலுக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்கிறது. பிடித்த மீனை ஏலம் விட்டு, டீசலும் ஐசும் கழித்து, மிச்சத்தைப் பங்கு வைக்கிறார்கள்: படகுக்கு, இன்ஜினுக்கு, வலைக்கு, போன ஆட்களுக்கு. மீன் படவில்லை என்றால் எல்லோருக்கும் இல்லை. சுருக்குமடி வலை வந்ததும் இந்தப் பொதுமை எப்படித் திணறுகிறது என்று நாகை, காரைக்கால் கரையில் பலரும் பார்த்திருக்கிறார்கள். பெரிய முதல் போட்டவன் ஒரே வீச்சில் கூட்டத்தை வாரிவிடுகிறான், சின்னப் படகு வெறும் வலையோடு திரும்புகிறது, ஊருக்கும் ஊருக்கும் சண்டை.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பஞ்சாயத்தில் மீன் விற்றுக் குடும்பத்தைக் காக்கும் பெண்ணுக்கு நாற்காலி இல்லை. 2004 சுனாமியில் காரைக்கால் பகுதியில் மட்டும் ஏறத்தாழ 500 பேர் இறந்தார்கள். நிவாரணம் ஊர்ப் பஞ்சாயத்துகள் வழியே வந்தபோது, கடல்நீர் புகுந்து உப்பேறிய வயல்களில் கூலி இழந்த தலித் குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றன என்ற புகார் இந்தக் கரை நெடுக எழுந்தது. பொதுமைக்கு வேலி உண்டு, அந்த வேலி சாதி. இதை நெக்ரியிடம் யாராவது விரிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கிராட்ஸ் வழி இங்கே ஏன் எடுபடவில்லை என்பதற்கு இன்னும் நேரான ஒரு காரணமும் இருக்கிறது. திருவேட்டக்குடி கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன அமைப்பு அது, பெயரோடு. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் முழுவதிலும் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் ஒருமுறை நடந்தது. அடுத்தது 2006இல், அதுவும் நீதிமன்றம் தலையிட்ட பிறகு. அப்போது தேர்வானவர்களின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தல் இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நின்றுபோனது. சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் எல்லாம் அதிகாரிகள் கையில். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வாரிசுகள் பிரான்சின் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குக் காரைக்காலிலேயே வாக்களிக்கிறார்கள். பாரிசில் யார் ஆள வேண்டும் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. பக்கத்து வீட்டு இந்தியக் குடிமகன் தன் தெரு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது 1968க்குப் பிறகு ஒரே தடவை. நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியில் 2024இலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஜெயித்தது. அதன் எல்லை வாஞ்சூரில் முடிந்து, நண்டலாற்றுக்கு வடக்கே வேறு தொகுதி தொடங்குகிறது. வருடக் கடைசியில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைக்கும் வழக்கத்தைக் கோட்டுச்சேரிக்குக் கொண்டுவர யாராவது விரும்பினால், அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் தேர்தல் ஆணையம்.